பாட்டி முகத்தில் பச்சைக் கோடு

தூரிகைக்காரி | பட்டர்வொர்த் | வெள்ளி, இரவு 10:47

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போறவ நான். இன்னைக்கு மனசு தாங்கல, அதான் எழுதறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்குங்க.

பகல்ல கணக்கு வேலை, ராத்திரியில படம். 11 வருஷமா வரையறேன். பழைய கடைவீடு, சூ ஜெட்டி, குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோபுரம், மழையில நிக்கிற மூணு சக்கர திரிஷா வண்டி. எல்லாமே பழுப்பு, காவி, சாம்பல். வார இறுதிச் சந்தையில கடை போட்டா ரெண்டு மூணு போகும். "சோபாவுக்குப் பொருத்தமா இருக்கு"ன்னு சொல்லித்தான் வாங்குவாங்க. அதைக் கேட்டுக் கேட்டு என் படமே எனக்கு சோபா உறை மாதிரித் தெரிய ஆரம்பிச்சிடுச்சு.

போன வருஷக் கடைசியில சௌராஸ்தா மார்க்கெட் மாடியில பழைய புத்தகம் துழாவிக்கிட்டு இருந்தப்ப, பிரெஞ்சு ஓவியர் மத்தீஸோட முதுகு கிழிஞ்ச படத் தொகுப்பு ஒண்ணு கிடைச்சது. 15 வெள்ளி (ரிங்கிட்). அதுல ஒரு பக்கம். 1905-ல அவர் தன் மனைவி அமெலியை வரைஞ்சது. நெத்தியில தொடங்கி மூக்குத் தண்டு வழியா இறங்கற ஒரு பச்சைக் கோடு. முகத்துல ஒரு பாதி ஒரு நிறம், மறு பாதி இன்னொரு நிறம். பின்னாடி ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் ஊதாவும் ஆரஞ்சும். பெர்ரியில திரும்பி வர்ற வரைக்கும் அந்தப் பக்கத்தை மூடல. எல்லா நிறமும் தப்பு, ஆனா அந்தப் பொம்பளை மட்டும் அப்படியே உயிரோட உட்கார்ந்திருக்கா. அது எப்படின்னு மண்டையைக் குடைஞ்சிக்கிட்டே இருந்தது.

சரி, நாமும் செஞ்சு பார்ப்போம்னு இறங்கிட்டேன். யாரை வரையறது? பாட்டியை. அம்மாவோட அம்மா. கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு வேலை. அவங்க படம்னு எங்ககிட்ட இருக்கறது ஐசியில, அதான் மலேசிய அடையாள அட்டையில, இருந்த கட்டைவிரல் அளவு கறுப்பு வெள்ளைப் போட்டோ ஒண்ணுதான். கடைசி வரைக்கும் சிவப்பு ஐசி, அதாவது இங்க தங்கலாம், குடியுரிமை கிடையாது. 3 அடிக்கு 4 அடி கேன்வஸ், அக்ரிலிக். முகத்துக்கு ஆரஞ்சும் ரோஸும், நடுவுல பச்சைக் கோடு, முடிக்கு நீலம், சேலைக்கு ஊதா, பின்னணி முழுக்கச் சிவப்பு. மூணு வாரம் ஆச்சு.

நேத்து அம்மா பார்த்தாங்க. ரொம்ப நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "எங்கம்மாவுக்கு என்ன மஞ்சக்காமாலையா? ஈரல் கெட்டுச் செத்தது உங்க தாத்தா"ன்னு சொல்லிட்டு சமையல்கட்டுக்குள்ள போயிட்டாங்க. இன்னைக்குக் காலையில பார்த்தா படம் சுவரைப் பார்த்துத் திரும்பி நிக்குது.

படமே சரியில்லையா, இல்ல பார்க்கறவங்களுக்குப் பழக்கமில்லையா? எனக்கு நிஜமாவே பிரிச்சுப் பார்க்கத் தெரியல.

கோப்பிக்கடை | ஈப்போ | வெள்ளி, இரவு 10:58

தாத்தாவையும் சேர்த்து இழுத்தாங்க பாருங்க, அதான் அம்மா. எங்க வீட்டுல வரைஞ்சிருந்தா துடைப்பம் பறந்திருக்கும் லா. படத்தைப் போடுங்க அக்கா, பார்த்துட்டுத் திட்டறோம்.

தூரிகைக்காரி | பட்டர்வொர்த் | வெள்ளி, இரவு 11:05

[படம் இணைக்கப்பட்டுள்ளது]

குழல் விளக்கு வெளிச்சத்துல எடுத்தது. சிவப்பு நேர்ல இவ்வளவு கத்தாது.

நெற்றிக்கண் | கோலாலம்பூர் | வெள்ளி, இரவு 11:31

கடுமையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பிரெஞ்சுக்காரர் படத்துக்குச் சேலை கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. கோடு அவருடையது, ரோஸ் அவருடையது, முடியின் நீலமும் அவருடையது. பாட்டி எங்கே?

1905-இல் பாரிஸ் இலையுதிர்காலக் கண்காட்சியில் மத்தீஸ், தெரெய்ன் கூட்டத்தின் படங்களைப் பார்த்த லூயி வொக்ஸெல் என்ற விமர்சகர் 'காட்டு மிருகங்கள்' என்று எழுதினார். அந்தப் பெயரே அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. அன்று அது துணிச்சல். நூறு வருடம் தாண்டி அதே பச்சையை அதே மூக்கில் பூசுவதற்கு என்ன துணிச்சல் வேண்டும்? வர்ணக்கடைக்குப் போகப் பஸ் காசு இருந்தால் போதும்.

நம் ஊரில் பார்த்துக் கற்க ஆள் இல்லையா? பினாங்கில் வளர்ந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த சையத் தாஜுதீன் இருக்கிறார். அவர் படங்களில் இல்லாத சூடான நிறமா? மெழுகால் மூடிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிக்கலையை ஓவியமாக்கிய சுவா தியன் தெங் உங்கள் தீவுக்காரர்தானே. பாரிஸ் வரை எதற்குப் போக வேண்டும்?

அச்சுக்கூடம் | கிள்ளான் | சனி, காலை 7:20

பசியாறிட்டு உட்கார்ந்தா இந்த இழை. கோலாலம்பூர்காரர் சொன்னதுல பாதி சரி, மீதிக்கு அப்புறம் வர்றேன். நான் ஓவியன் இல்ல. 22 வருஷமா பேனர், கல்யாணப் பத்திரிகை, தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் விளம்பரம் எல்லாம் அடிக்கிறவன். நிறத்தால வயிறு கழுவறவன்னு வச்சுக்குங்க.

அக்கா, உங்க படத்தைக் கைப்பேசியில கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. நான் பார்த்துட்டேன். முகத்து ரோஸ், பச்சைக் கோடு, பின்னணிச் சிவப்பு, மூணும் ஒரே சாம்பல். முகம் சுவரோட கரைஞ்சிடுச்சு. கண்ணு ரெண்டும் மட்டும் மிதக்குது. இப்ப அதே மாதிரி மத்தீஸ் படத்தை மாத்துங்க. முடி கருகருன்னு, முகம் வெளுப்பா, அந்தப் பச்சைக் கோடு இருக்கே, அது சாதாரணமா முகத்துல நிழல் தொடங்கற எல்லையில வந்து உட்காருது. நிறத்தை எடுத்துட்டாலும் அங்க ஒரு பொம்பளை இருக்கா. அவர் நிறத்தைத்தான் தாறுமாறா போட்டிருக்கார், வெளிச்சம் இருட்டுல கை வைக்கல.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கு, அதை நீங்க கவனிக்கல. உங்ககிட்ட இருக்கற ஒரே படமே கறுப்பு வெள்ளை. அந்த ஐசி போட்டோவைப் பெருசாக்கி, உங்க படத்தோட சாம்பல் நகலைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. எங்க தப்பினதுன்னு அதுவே சொல்லும்.

இன்னொண்ணு, அளவு. அந்த மத்தீஸ் படம் வெறும் 40.5 செ.மீ. உயரம், 32.5 செ.மீ. அகலம். பள்ளிக்கூடப் பையில அடங்கிடும். உங்களது 4 அடி, ஏறக்குறைய 122 செ.மீ., மூணு மடங்கு. அங்க விரல் அகலத்துல இருக்கறது உங்க கேன்வஸ்ல ஓடுபாதை ஆயிடுச்சு. இது எங்க தொழில்ல தினமும் நடக்கறது. அழைப்பிதழ்ல லட்சணமா இருந்த கிளிப்பச்சையை 20 அடி பேனர்ல அடிச்சா கண்ணு கூசும். வாடிக்கையாளர் வந்து "நான் கேட்டது இது இல்லையே"ம்பார். அதே மைதான்.

வாடிக்கையாளர்னதும் ஞாபகம் வருது. பாரிஸ்ல கோபெலின்னு படச்சீலை நெய்யற அரசாங்கப் பட்டறை. அங்க சாயப் பிரிவுக்குத் தலைவரா இருந்தவர் செவ்ருல்னு ஒரு வேதியியல்காரர். கறுப்பு நூல் கறுப்பாவே இல்லைன்னு புகார் வந்திருக்கு. சோதிச்சுப் பார்த்தா சாயத்துல குறையே இல்ல. கறுப்புக்குப் பக்கத்துல நெஞ்ச நீலமும் ஊதாவும்தான் அதை வெளுக்க வச்சிருக்கு. பக்கத்து நிறம் மாறினா இந்த நிறமும் மாறும்னு 1839-ல பெரிய புத்தகமே போட்டார். ஓவியர்கள்லாம் அதைக் கரைச்சுக் குடிச்சாங்க. எனக்கு இது தெரிஞ்சிருந்தா எத்தனையோ வாடிக்கையாளர்கிட்ட வாய்ச்சண்டை போட்டிருக்க மாட்டேன்.

செவ்வந்தி டீச்சர் | தைப்பிங் | சனி, காலை 9:02

மகளே, நிறத்துக்காகத் தலைகுனிய வேண்டாம். மதுரையில் மீனாட்சி பச்சை. கண்ணன் நீலம். கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த நாள்காட்டிச் சாமிகளைப் பார்த்து வளர்ந்த வீடுதானே நம் எல்லோருடையதும்? பச்சை முகத்துக்குச் சூடம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள், பச்சைக் கோட்டைப் பார்த்து மஞ்சள்காமாலை என்றால் எப்படி?

சாமியை விடுங்கள். சங்கப் பாட்டில் பெண்ணின் மேனி மாந்தளிர் நிறம். காதலன் பிரிந்தால் அதில் பசலை ஏறும். பீர்க்கம்பூ மஞ்சள் என்பார்கள். எந்த மருத்துவரும் பார்க்காத நிறம் அது, மனசு பூசுகிற வண்ணம். குறளில் 'பசப்புறுபருவரல்' என்று அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். விளக்கு எப்போது அணையும் என்று இருட்டு காத்திருக்கிற மாதிரி, அவன் தழுவல் எப்போது விடும் என்று பசலை காத்திருக்குமாம். இதை ஐந்தாம் படிவத்தில் சொல்லும்போதெல்லாம் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். பையன்கள் உட்பட.

நெற்றிக்கண் | கோலாலம்பூர் | சனி, காலை 10:15

டீச்சர், பசலை வரை ஒத்துக்கொள்கிறேன். மீனாட்சியை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பச்சை ஓர் அடையாளம். பச்சையைப் பார்த்ததும் 'மீனாட்சி' என்று படிக்கிறோம், கிளியைப் பார்த்துப் படிக்கிற மாதிரி. மத்தீஸின் பச்சையைப் படிக்க முடியாது. அது பக்கத்து ரோஸிடம் மட்டும்தான் பேசும். இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிட்டால், நமக்கு முன்னமே எல்லாம் தெரியும் என்ற சுகம்தான் மிஞ்சும்.

கோப்பிக்கடை | ஈப்போ | சனி, காலை 10:21

அப்ப பத்துமலைப் படி எந்தக் கூடை ஐயா? 272 படிக்கும் வானவில் அடிச்சாங்களே 2018-ல.

நெற்றிக்கண் | கோலாலம்பூர் | சனி, காலை 10:40

அப்போது திட்டினேன். பாரம்பரியத் துறையே கேள்வி எழுப்பியது. இப்போது என் பேத்தி படம் எடுக்க அங்கேதான் இழுத்துப் போகிறாள். நானும் நிற்கிறேன். பழகிவிட்டது என்பதும் சரி என்பதும் ஒன்றா என்று கேட்டால், எனக்கு அந்த ஊதாப் படிகள் இன்னும் உறுத்துகின்றன.

மெழுகுச்சொட்டு | தெலுக் பஹாங் | சனி, மதியம் 1:48

பாத்திக் என்று யாரோ சொன்னதால் வந்தேன். 16 வருஷமாக மெழுகும் சாயமும்தான் என் பிழைப்பு.

எங்கள் வேலையில் நிறத்தைத் தனியாக எடுத்து வைக்க முடியாது. சாயத்தொட்டியில் முக்கும் பாத்திக்கில் முதலில் வெளிர் நிறம். மஞ்சள் வேண்டிய இடத்தில் மெழுகு ஊற்றி மூடுகிறோம். மறுபடி முக்கினால் மூடாத மஞ்சள்மேல் நீலம் ஏறிப் பச்சை. அதையும் கொஞ்சம் மூடிவிட்டு அடுத்தது. கடைசியில் இருட்டு நிறம். ஒவ்வொன்றுக்குள்ளும் முந்தைய நிறம் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் எவ்வளவு கத்தும் நிறத்தைப் போட்டாலும் துணி ஒன்றாகவே நிற்கும், எல்லாம் ஒரே குடும்பம். உங்கள் படத்தில் நிறங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழாயிலிருந்து நேரே வந்து இறங்கியிருக்கின்றன. எல்லா நாற்காலியிலும் விருந்தாளி, வீட்டுக்காரர் யாரையும் காணோம்.

மத்தீஸின் 'சிவப்பு ஓவிய அறை' தெரியுமா? 1911. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறை முழுக்கச் செங்காவி மாதிரி ஒரு சிவப்பு. மேசை, நாற்காலி, கடிகாரம் எல்லாம் மெல்லிய கோடுகள். ரொம்ப நாளாக அந்தக் கோடுகளை அவர் சிவப்பின் மேல் வரைந்தார் என்றே நினைத்திருந்தேன். தலைகீழ். முதலில் சுவர் நீலம், தரை ரோஸ், மேசை நாற்காலி காவி மஞ்சள் என்று பூசியிருக்கிறார். பிறகுதான் எல்லாவற்றின் மேலும் சிவப்பு. கோடு வர வேண்டிய இடத்தில் மட்டும் பூசாமல் இடைவெளி விட்டார். நாம் பார்க்கும் கோடு அடியிலிருக்கிற பழைய நிறம். அதைத் தெரிந்துகொண்ட அன்று பட்டறையில் உட்கார்ந்து சிரித்தேன். மெழுகு இல்லாமல் பாத்திக் போட்டிருக்கிறார் மனிதர்!

1908-இல் வரைந்த சிவப்புச் சாப்பாட்டு மேசைப் படமும் அப்படித்தான். முதலில் நீலம். ஷுக்கின் என்ற ரஷ்ய வணிகருக்காக வரைந்தது. முடித்துக் காட்டிய பிறகும் மனசு ஒப்பாமல் முழுவதையும் சிவப்பாக்கினார். ஆக, அந்தத் துணிச்சல் ஒரே வீச்சில் வந்ததில்லை.

கோலாலம்பூர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. மத்தீஸே இன்னொருவரைப் பார்த்து வந்தவர்தான். கையில் காசில்லாத 1899-இல் செசான் வரைந்த குளிக்கும் பெண்கள் படம் ஒன்றை வாங்கி, 37 வருஷம் வீட்டில் வைத்திருந்துவிட்டுப் பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கொடுத்தார். ஆனால் அவர் படத்தில் செசானின் நீலப்பச்சையைத் தேடினால் அந்த நகலைப் பார்க்க முடியாது. அமெரிக்க ஓவியர் டீபன்கார்ன் மத்தீஸைத் தேடி லெனின்கிராட் வரை போய்ப் பார்த்தவர். 1967-இல் அவர் தொடங்கிய 'ஓஷன் பார்க்' வரிசையில் இருப்பது கலிபோர்னியா வெளிச்சம்.

தூரிகைக்காரி | பட்டர்வொர்த் | சனி, இரவு 9:30

கிள்ளான் அண்ணன் சொன்னபடி செஞ்சேன். ஐசி போட்டோவைப் பெருசாக்கி, படத்தோட சாம்பல் நகலைப் பக்கத்துல ஒட்டினேன். வெக்கமா போச்சு. போட்டோவுல பாட்டிக்குக் கண்ணுக்குக் கீழ ஆழமான குழி, கன்னத்து எலும்பு மேடு, தாடைக்கு அடியில ஒரே இருட்டு. என் படத்துல அது ஒண்ணுமே இல்ல, தோசைக்கல்லு மாதிரி தட்டையா இருக்கு. மத்தீஸ் ரோஸைப் பார்த்துக்கிட்டே வரைஞ்சதுல பாட்டியைப் பார்க்க மறந்துட்டேன்.

'பாட்டி எங்கே'ன்னு கேட்டவருக்கு நேத்து ராத்திரி மனசுக்குள்ள நல்லாத் திட்டினேன். வாபஸ் வாங்கிக்கறேன்.

ஆனா ஒரு சந்தேகம். மறுபடி பழுப்புக்குப் போக மனசு வரல. எந்த நிறம்னு எதை வச்சு முடிவு பண்றது? சும்மா கைக்கு வந்ததைப் பூசினா மறுபடி இதே கதைதான்.

வெள்ளிக்கிண்ணம் | சிரம்பான் | சனி, இரவு 9:44

இழைக்குச் சம்பந்தமில்லாம ஒரு கேள்வி: 3-க்கு 4 கேன்வஸ் பினாங்குல என்ன விலை? இங்க பூஞ்சை பிடிச்சதைத் தலையில கட்டிட்டாங்க.

மெழுகுச்சொட்டு | தெலுக் பஹாங் | சனி, இரவு 10:03

சட்டம் தனி, துணி தனியாக வாங்கி நாமே இழுத்துக் கட்டினால் பாதி விலையில் முடியும். பூஞ்சைக்கு: சுவரோடு ஒட்டிச் சாய்க்காதீர்கள், பின்பக்கம் காற்றோட்டம் வேண்டும். (அக்கா, உங்கள் அம்மா சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த படத்துக்கும் இதுதான்.)

கித்தாக்காட்டான் | சுங்கை சிப்புட் | ஞாயிறு, காலை 6:10

எனக்கு ஓவியம் தெரியாது. 68 வயசு. 'பால்வெட்டு'ங்கற வார்த்தையைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். நீங்க எல்லாரும் அந்தம்மாவை ஐசி போட்டோவுல தேடறீங்க. அந்தப் போட்டோ ஒரு நாள், ஒரு நிமிஷம், அதுவும் பயந்துபோய் உட்கார்ந்த முகம். எங்கம்மாவுக்கும் அப்படி ஒண்ணு இருக்கு. பார்த்தா யாரோ மாதிரி இருக்கும்.

நான் பத்து வயசுல வாளி தூக்கிக்கிட்டு அம்மாகூட நிரைக்கு, அதான் மர வரிசைக்கு, போவேன். பெரட்டு (காலையில ஆள் கணக்கெடுக்கறது) முடிஞ்சு காட்டுக்குள்ள நுழையும்போது கும்மிருட்டு. வெயில் ஏறினா பால் ஓடாது, அதனால விடியறதுக்கு முந்தியே வெட்டணும். நெத்தியில விளக்கு. எல்லாரும் என்ன நினைக்கிறாங்கன்னா, நெத்தி விளக்கு முகத்துக்கு வெளிச்சம் காட்டும்னு. காட்டாது. விளக்கு மரத்தைத்தான் பார்க்கும். முகம் அதுக்குக் கீழ இருட்டுல கிடக்கும். அம்மா மரத்துக்கிட்ட குனிஞ்சு உளி வச்சு இழுக்கும்போது பட்டை சீவுது பாருங்க, உள்பட்டை பச்சையா, செம்மண்ணும் ரோஸும் கலந்த மாதிரி இருக்கும். அதுல பட்ட வெளிச்சம் திரும்பி முகத்துல அடிக்கும். மரம் இருக்கற பக்கத்துக் கன்னம் மட்டும் தணல் மாதிரி ஆயிடும். பால் இறங்கிக் கிண்ணத்துல சேரச் சேர, தாடைக்கு அடியில ஒரு வெளுப்பு.

அப்படியே அஞ்சாறு நிரை முடியறதுக்குள்ள கிழக்கே வெளுக்க ஆரம்பிக்கும். மத்தப் பக்கத்துக் கன்னத்துல நீலம் மாதிரி ஒண்ணு ஏறும். இலைக்குள்ள வடிகட்டி வர்ற வெளிச்சம், நீலம்னும் சொல்ல முடியாது, பச்சைன்னும் சொல்ல முடியாது. விளக்கை ஊதி அணைக்கறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம், ரெண்டு வெளிச்சமும் ஒரே முகத்துல இருக்கும். ஒரு பாதி நெருப்பு, ஒரு பாதி தண்ணி. எங்கம்மா முகம்னா எனக்கு அதுதான். போட்டோ கிடையாது.

டீச்சர் எழுதின விளக்கு, இருட்டு வரியைப் படிச்சதும் தூக்கம் வரல. அதான் இந்த நேரத்துல எழுதறேன்.

செவ்வந்தி டீச்சர் | தைப்பிங் | ஞாயிறு, காலை 7:15

ஐயா.

அச்சுக்கூடம் | கிள்ளான் | ஞாயிறு, காலை 8:40

இழை முழுக்க நாங்க கத்தினதை இவர் ஒரே பதிவுல முடிச்சிட்டார். அக்கா, ஒரு பாதி சூடு, ஒரு பாதி குளிர்ச்சி. மத்தீஸ் அந்த முகத்தைப் பிரிச்சதும் அப்படித்தானே? ரெண்டும் முட்டிக்கிற இடத்துல, மூக்குத் தண்டுல, பச்சை. உங்க கோடு உங்க பாட்டி மூக்குமேலயே இருந்திருக்கு, நீங்க அதைப் பாரிஸ்ல இருந்து இறக்குமதி பண்ணிட்டீங்க.

நெற்றிக்கண் | கோலாலம்பூர் | ஞாயிறு, காலை 9:05

இப்போது பாட்டி இருக்கிறார். என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். ஒன்று மட்டும்: பின்னணியில் அந்தச் சிவப்பு எதற்கு? விடிகாலைக் காட்டில் ஏது சிவப்பு?

தூரிகைக்காரி | பட்டர்வொர்த் | ஞாயிறு, காலை 9:38

ஐசி சிவப்பு. நான் யோசிச்சுப் போடல, கை தானாப் போயிடுச்சு. இந்த மண்ணுலயே பிறந்து வளர்ந்து 50 வருஷத்துக்கு மேல பால் வெட்டிட்டு, ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்க தாத்தா ஓட்டுப் போடப் போகும்போது வாசப்படியில உட்கார்ந்திருக்கும்னு அம்மா சொல்லும்.

நெற்றிக்கண் | கோலாலம்பூர் | ஞாயிறு, காலை 9:41

அதை மட்டும் எடுக்காதீர்கள்.

தூரிகைக்காரி | பட்டர்வொர்த் | 19 நாள் கழித்து, இரவு 11:20

இழையை மேல கொண்டு வர்றதுக்கு மன்னிக்கணும். கேட்டிருந்தீங்க, அதனால சொல்றேன்.

புது கேன்வஸ் வாங்கல. பழசு மேலயே அடிச்சேன். அடியில அக்ரிலிக் இருக்கறதால மேல எண்ணெய் வர்ணம் போடலாம் (மாத்திப் போட்டா உரிஞ்சு வரும், யாரும் முயற்சி பண்ணாதீங்க). முதல்ல ஐசி போட்டோவைப் பார்த்துச் சாம்பல்லயே மேடு பள்ளம் மட்டும் சரி பண்ணினேன். அதுக்கே ஒரு வாரம். பட்டறைக்காரர் சொன்ன இடைவெளி வேலையும் செஞ்சு பார்த்தேன். நெத்தி விளக்கோட வாரை வரையல, மேல நீலம் பூசும்போது ஒரு நூல் அளவு விட்டுட்டேன். அடியில இருந்த பழைய ஆரஞ்சு அங்க தெரியுது. மூணு வாரம் கஷ்டப்பட்டு வீணானதுல அந்த ஒரு நூல் மிச்சம்.

மரத்துப் பக்கத்துக் கன்னத்துக்கு ஆரஞ்சு, ஆனா முந்தி போட்டதுல பாதி அளவுதான். மறு பக்கம் நீலப்பச்சை, மயில்கழுத்து மாதிரி. ஒரே நிறமா கலந்து போட்டா சேறாகுது. அப்பத்தான் மார்க்கெட் ஸ்திரீட் சேலைக் கடையில பார்த்தது ஞாபகம் வந்தது. புறாக்கழுத்து நிறத்துக்கு நெசவுக்காரங்க நிறத்தைக் கலக்கறதே இல்ல. பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம், அசைஞ்சா ரெண்டும் மாறி மாறித் தெரியும். அதனால நீலத்தையும் பச்சையையும் கலக்காம பக்கத்துல பக்கத்துல சின்னச் சின்னக் கீற்றா வச்சேன். (மத்தீஸும் பொஹென்னு ஒரு நெசவூர்ல வளர்ந்தவராம். இதைத் தெரிஞ்சிக்கிட்டதுல எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.) பச்சைக் கோடு இப்ப சுண்டுவிரல்ல பாதி. மூக்குத் தண்டுல மட்டும். உதட்டுக்கு வர்றதுக்குள்ள கரைஞ்சிடுது.

சிவப்பு அப்படியே இருக்கு. ஆனா அதுமேல ஊதாவை மெல்லிசா ஓட்டி இறக்கிட்டேன், இப்ப முகத்தோட சண்டைக்கு வரல.

நேத்து அம்மா கூடத்துக்கு வந்தாங்க. படத்தைத் திருப்பி வைக்க வசதியா ஓரமாத்தான் சாய்ச்சிருந்தேன். கையில இருந்த கீரைக் கட்டோட அப்படியே நின்னாங்க. காமாலை, கீமாலை ஒண்ணும் வரல. கிட்ட வந்து, வர்ணம் காயாத இடத்துல விரலை வைக்கப் போயி, எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: "விளக்கை நேரா மாட்டியிருக்கே. அம்மா எப்பவும் இடப்பக்கம் சாய்ச்சுதான் கட்டும். வலது கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது அதுக்கு."

கோப்பிக்கடை | ஈப்போ | அதே நாள், இரவு 11:26

அப்புறம்? சாய்ச்சீங்களா?

தூரிகைக்காரி | பட்டர்வொர்த் | அதே நாள், இரவு 11:33

எண்ணெய் வர்ணம், இந்த மழையில இன்னும் காயல. ஞாயித்துக்கிழமை சாய்க்கணும். எவ்வளவு சாய்க்கணும்னு அம்மா பக்கத்துல உட்கார்ந்து சொல்லுதாம்.